மேசைக்கு வந்த கணிப்பொறியும் அறிவியல் ஆய்வும்

அறிவியலின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகவும் எழுதலாம். 1609-இல் கலீலியோ தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பியபின் வானம் பழைய வானமாக இல்லை. நுண்ணோக்கி வந்தபின் ஒரு துளி நீரும் பழைய நீராக இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கணிப்பொறி அத்தகையதொரு கருவியாயிற்று. எனினும் கருவி ஒன்று உலகில் இருப்பதும், அது ஆய்வாளரின் கைக்கு எட்டுவதும் வேறு வேறு. அவ்விரண்டிற்கும் இடையே கிடந்த தொலைவைக் குறைத்ததே தனியாள் கணிப்பொறி அறிவியலுக்கு அளித்த கொடை. அக்கொடையின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

வாயிலில் நின்ற காலம்

1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகிற்கு அறிமுகமான எனியாக், ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்களும் 30 டன் எடையும் கொண்டிருந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் பொறிகள் சிறுத்தன. ஆயினும் அவற்றை வாங்கும் ஆற்றல் அரசுக்கும் பெருநிறுவனங்களுக்கும் பெரிய பல்கலைக்கழகங்களுக்குமே இருந்தது. ஆய்வாளர் தம் கணக்கைத் துளையட்டைகளில் பதித்துக் கணிப்பொறி மையத்தில் ஒப்படைப்பார். முறை வரும்வரை காத்திருப்பார். பல மணி நேரம் கழித்தோ மறுநாளோ விடை அச்சிட்ட தாள் வரும். அட்டையொன்றில் ஒரு குறி பிழைத்திருந்தால் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும். மன்னன் வாயிலில் காத்து நின்ற பரிசிலர் நிலையே அன்றைய ஆய்வாளர் நிலையும். பொறியின் ஒவ்வொரு நிமிடத்திற்கும் கட்டணமும் ஒப்புதலும் வேண்டியிருந்தமையால், "இப்படி இருந்தால் என்ன ஆகும்?" என்று வெறும் ஆவலால் ஒரு வினாவைத் தொடுத்துப் பார்ப்பது எளிதாக இல்லை.

மேசைக்கு வந்த காலம்

1975 ஜனவரியில் அமெரிக்க மின்னணுவியல் இதழொன்றின் அட்டையில் ஆல்டேர் 8800 என்னும் பெட்டியின் படம் வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தின் 8080 நுண்செயலியைக் கொண்ட அப்பெட்டியைப் பாகங்களாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளலாம். அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. 1977-இல் ஆப்பிள் 2 வந்தது. 1981 ஆகஸ்ட் 12-ஆம் நாள் ஐ.பி.எம். தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. கடிதம் எழுதவும் அலுவலகக் கணக்குப் பார்க்கவுமே பலர் அதனை வாங்கினர். ஆனால் அதன் உட்பலகையில் வெறுமையாக விடப்பட்ட ஓர் இடம் இருந்தது. 8087 என்னும் கணிதத் துணைச்செயலியை அவ்விடத்தில் பொருத்திக்கொள்ளலாம். அதைப் பொருத்திய பொறி, அறிவியலுக்குத் தேவையான பின்னக் கணக்குகளைப் பன்மடங்கு விரைவாகச் செய்தது.

இந்தச் சிறு சில்லின் பின்னே பெரிய செய்தி ஒன்றுண்டு. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்தின் பொறியும் பின்ன எண்களைத் தத்தம் போக்கில் முழுமையாக்கி வந்தது. ஒரே நிரலை இருவேறு பொறிகளில் இட்டால் இருவேறு விடைகள் வரக்கூடும். 8087-இன் வடிவமைப்பில் இன்டெல்லுக்கு அறிவுரை வழங்கிய பெர்க்லிப் பேராசிரியர் வில்லியம் காஹன், இக்குழப்பத்தை நீக்கப் பொதுநெறி வேண்டுமென வாதிட்டார். 1985-இல் ஐ.இ.இ.இ. 754 என்னும் தரநெறி பிறந்தது. 1989-இல் காஹனுக்கு டூரிங் விருது கிடைத்தது. மேசைப்பொறிக்கென உருவான சில்லோடு வளர்ந்த அந்நெறியைப் பெரும்பொறிகளும் பின்னர் ஏற்றன.

மென்பொருளும் உடன் வளர்ந்தது. நியூ மெக்சிகோப் பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் தம் மாணவர்களுக்காக எழுதிய மேட்லேப், 1984-இல் தனியாள் கணிப்பொறிக்கு வந்தது. 1986-இல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கென லேப்வியூவை வெளியிட்டது. வெப்பமானியும் மின்னழுத்தமானியும் காட்டும் அளவுகளை நொடிதோறும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிய கைக்கு ஓய்வு கிடைத்தது. கருவியிலிருந்து அளவை நேரே பொறியே பெற்றுக்கொண்டது.

பொறியைத் திருத்திய பேராசிரியர்

தன் மேசைமேல் பொறியுடைய ஒருவர் எதைச் சாதிக்க முடியும் என்பதற்கு 1994-ஆம் ஆண்டே சான்று. வர்ஜீனியாவில் லிஞ்ச்பர்க் கல்லூரி என்னும் சிறிய கல்லூரியில் தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர் இருந்தார். 11, 13 போலவும் 17, 19 போலவும் இரண்டே வேறுபாட்டில் அமையும் இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டி வருவது அவர் ஆய்வு. எவருக்கும் உடனடிப் பயன் தராத, தூய அறிவுத் தேடல். தனியாள் கணிப்பொறிகள் சிலவற்றை இரவும் பகலும் ஓடவிட்டு அதனைச் செய்துவந்தார். அவ்வாண்டு மார்ச்சில் பென்டியம் செயலியுள்ள புதிய பொறியொன்றையும் சேர்த்தார். ஜூனில் விடைகள் ஒத்துவரவில்லை.

அவர் முதலில் தம் நிரலையே ஐயுற்றார். பின்னர் பொறியின் பிற உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 824633702441 என்னும் எண்ணால் 1-ஐ வகுக்கும்போது பென்டியம் பிழையான விடை தருகிறது என்னும் முடிவுக்கு மாதங்கள் கழித்தே வந்தார். அக்டோபர் 30-ஆம் நாள் அதனை மின்னஞ்சல் வழியே பிறருக்கு அறிவித்துச் சரிபார்க்குமாறு வேண்டினார். செய்தி பரவியது, மேலும் எளிய சான்றுகள் கிடைத்தன. 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.3338 என வரவேண்டும், பென்டியம் 1.3337 என்றது. வகுத்தலுக்கென்று சில்லினுள் பதித்த அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்தமையே காரணம்.

சாதாரணப் பயனாளர் ஒருவருக்கு இப்பிழை 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே நேரும் என்றது இன்டெல். நைஸ்லி போன்றோர்க்கு அக்கணக்கு ஆறுதல் தரவில்லை. கோடிக்கணக்கான வகுத்தல்களைச் செய்பவருக்கு ஒரு பிழையே போதும். டிசம்பர் 20-ஆம் நாள், கேட்போர் அனைவருக்கும் செயலியை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. அதற்கென 47.5 கோடி டாலர் ஒதுக்கியது. வரிசையில் நின்று பெற்ற விடையைப் பெரும்பாலோர் நம்பியே ஆக வேண்டியிருந்தது. தம் பொறிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தவரோ விடையை வினவினார்.

முப்பதின்மர் வலிமை

அதே 1994-இல் நாசாவின் காடர்ட் விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் ஆகியோர் வேறொரு முயற்சியில் ஈடுபட்டனர். கடைகளில் கிடைக்கும் 486 வகைச் செயலிகள் 16-ஐச் சாதாரண வலைப்பின்னலால் இணைத்தனர். ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் அதனை இயக்கியது. அக்கூட்டுப்பொறிக்குப் பழைய ஆங்கிலக் காப்பியத்தின் பெயரையே இட்டனர்: பேவுல்ஃப். அக்காப்பியத் தலைவனின் கைப்பிடியில் முப்பது வீரரின் வலிமை இருந்ததாம்.

காப்பியங்களோடு பழகிய நமக்கு இப்பெயரின் பொருத்தம் எளிதில் விளங்கும். 1997-இல் லாஸ் அலமாஸின் லோக்கி, கலிஃபோர்னியாவின் ஹைக்லாக் என்னும் இரு கூட்டுப்பொறிகளில் செய்த கணிப்புகள், செலவுக்கேற்ற செயல்திறனுக்கான கார்டன் பெல் பரிசை வென்றன. பல கோடி விலையுள்ள மீக்கணிப்பொறிக்கு வழியற்ற பல்கலைக்கழகத் துறைகள், மேசைப்பொறிகளை அடுக்கித் தமக்கென ஒன்றை அமைத்துக்கொள்ளும் காலம் வந்தது.

சிறு துளி

ஒரே அறையிலுள்ள பொறிகளை இணைக்கலாமெனில், உலகெங்குமுள்ள வீடுகளில் வாளாவிருக்கும் பொறிகளை ஏன் இணைக்கக்கூடாது? 1996 ஜனவரியில் ஜார்ஜ் வோல்ட்மன், மிகப்பெரிய மெர்சென் பகா எண்களைத் தேடும் கூட்டுமுயற்சியைத் தொடங்கினார். அவ்வாண்டு நவம்பரிலேயே பாரிஸ் அன்பர் ஒருவரின் பென்டியம் பொறி 4,20,921 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணைக் கண்டது.

1999 மே 17-இல் பெர்க்லிப் பல்கலைக்கழகம் செட்டி அட் ஹோம் திட்டத்தைத் தொடங்கியது. போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி பதிந்த குறிகளைச் சிறு கூறுகளாக்கி வீடுகளுக்கு அனுப்பினர். உரிமையாளர் உறங்குகையில் அவர் பொறி வேற்றுலக அறிவின் தடத்தைத் தேடியது. ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். 2020 மார்ச் 31-இல் புதிய கூறுகளை அனுப்புவது நின்றது; தேடிய குரல் கேட்கவில்லை. ஆனால் 2000-இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம், புரதங்கள் மடியும் விதத்தை ஆராய அதே வழியைக் கையாண்டது. 2020-இல் கொரோனாத் தொற்றுநோயின்போது மக்கள் தம் பொறிகளை அதற்கு ஈந்தனர். நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக் கணக்குகள் என்னும் எல்லையை அத்திட்டம் கடந்தது. அன்றிருந்த எந்த மீக்கணிப்பொறியும் அவ்வெல்லையைத் தொடவில்லை.

மீண்டும் வாயில்

2024 அக்டோபரில் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட மெர்சென் பகா எண் கண்டறியப்பட்டது. இம்முறை அதனைக் கண்டது வீட்டுக் கணிப்பொறியன்று. பல நாடுகளின் தரவு மையங்களில் வாடகைக்குப் பெற்ற வரைகலைச் செயலிகள் அதனைக் கண்டன. வீட்டுப்பொறிகளின் 28 ஆண்டுக்கால ஆட்சி அவ்வகையில் முடிந்தது. பெருங்கணிப்பு மீண்டும் ஒருசிலர் கட்டிய மாளிகைகளுக்குச் செல்கிறது. வாடகை கொடுப்போர்க்கு அங்கே இடமுண்டு. எனினும் வாயில் மீண்டும் வந்துவிட்டது என்பதை மறக்கலாகாது.

நமக்கு இதில் என்ன என்று அன்பர்கள் கேட்கக்கூடும். 1998-இல் பொங்கல் நாளன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நாம் அறிவோம். பல நாடுகளில் வாழும் தமிழர் தத்தம் மேசைப்பொறியில் ஒரு நூலைத் தட்டச்சிட, மற்றொருவர் மெய்ப்புத் திருத்த, தமிழ் நூல்கள் யாவர்க்கும் பொதுவாயின. அறிவியலார் கூடிச் செய்ததைத் தமிழன்பரும் செய்தனர். நம் மொழியின் செல்வம் நாளை எவருடைய பொறிகளில் தங்கினும், அதன் விடைகளை ஒப்பிட்டுப் பிழை காணும் நைஸ்லிகள் நம்மிடையே வேண்டும். மூலநூலைக் கையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பார்க்கும் அந்தப் பணி, இலக்கிய மன்றங்களுக்குப் புதியதன்று.