கல்லும் கேப்பும்

முத்துக்குளித்துறையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் சிப்பியையும் சங்கையும் உப்பையும் பற்றி விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார்கள். துப்பாக்கியைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுத அவர்களுக்கு மனம் வருவதில்லை. ஆயினும், பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியரின் கப்பல்களோடு இக்கரையில் பெருகி, 1658-இல் அவர்களிடமிருந்து தூத்துக்குடியைப் பறித்த டச்சுக்காரர் காலத்திலும் நிலைத்து, உள்நாட்டுப் பாளையங்களின் கொல்லுப்பட்டறை வரைக்கும் பரவிவிட்ட அந்த ஆயுதத்தை ஒதுக்கிவிட்டு, 1801-ஆம் வருஷத்துச் சம்பவங்களை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் துணிபு.

பாளையக்காரர் படைகளில் மிகுதியாக இருந்தது திரித்துப்பாக்கி. நீண்ட குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டித்து, பற்றுவாயருகே சிட்டிகை மருந்து வைத்து, புகைந்துகொண்டேயிருக்கும் பருத்தித் திரியை விசையால் அதன்மேல் இறக்குவது அதன் முறை. கும்பினிச் சிப்பாயின் கையிலிருந்ததோ சிக்கிமுக்கித் துப்பாக்கி. அதிலும் கெட்டிப்பு வாய்வழியேதான். ஆனால் திரிக்குப் பதிலாக, 'குதிரை' எனப்படும் சுத்தியலின் தாடையில் ஒரு கல்துண்டு இறுக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் குதிரை பாய்ந்து எதிரேயுள்ள எஃகுத் தகட்டை உரசும். தகடு பின்சாய்ந்து மருந்துக் கிண்ணத்தைத் திறந்துவிட, பொறி அதில் விழுந்து பற்றுவாய் வழியாக உள்மருந்தைச் சேரும். கல்லின் முனை மழுங்கினாலும், கிண்ணத்து மருந்தில் ஈரம் ஏறினாலும், வெளிமருந்து மட்டும் சீறி அடங்கிவிட உள்மருந்து பற்றாமலே நின்றுவிடும். திரிக்குக் கல் வேண்டியதில்லை, உள்ளூர்க் கொல்லனே பழுது பார்த்துவிடுவான்; ஆனால் இரவில் அதன் கங்கு ஆளைக் காட்டிக் கொடுக்கும், மருந்துப் பைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்.

கருவிகளுக்கிடையே இவ்வளவு பேதம் இருந்தும், பாஞ்சாலங்குறிச்சியில் வெற்றி தோல்வியை நிர்ணயித்தது கல்லன்று. அதன் பாளையக்காரனான கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். அவன் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, இடிக்கப்பட்ட மண்கோட்டையைச் சில நாட்களுக்குள் எழுப்பிக்கொண்டான். அவனுடைய ஆட்கள் தூத்துக்குடிக் கோட்டையையும் சிறிது காலம் கைவசப்படுத்தினார்கள். மார்ச் 31 அன்று கும்பினித் தளபதி மெக்காலே நடத்திய தாக்குதலில், சிக்கிமுக்கித் துப்பாக்கியும் அதன் முனையில் செருகும் சனியனும் ஏந்தி மதிலின் உடைப்பில் ஏறிய படையை, அதிகமும் நீண்ட ஈட்டிகளைக் கொண்டே கோட்டையார் புறந்தள்ளினார்கள். அன்று அங்கிருந்த கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளில் அத்தோல்வியை மறைக்கவில்லை. கர்னல் அக்னியூ கனத்த பீரங்கிகளையும் புதிய பட்டாளங்களையும் கொண்டுவந்து சேர்த்த பிறகே, மே 24 அன்று கோட்டை விழுந்தது. திரித்துப்பாக்கி தோற்றதாகச் சொல்லுவது பிழை. தொடர்ந்து வந்துகொண்டிருந்த பீரங்கிக்கும் மருந்துக்கும் ஆள்பலத்துக்கும் ஒரு சிறு பாளையம் எத்தனை நாள் ஈடுகொடுக்க இயலும்?

இதன் பின் நடந்ததையே நான் பெரிதாகக் கருதுகிறேன். 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென்சீமை ஜனங்கள் ஆயுதம் வைத்துக்கொள்வதையும் பிரயோகிப்பதையும் தடுத்தது, கோட்டைகள் தரைமட்டமாயின. ஈட்டியும் திரித்துப்பாக்கியும் பறிபோன அந்தக் காலத்தில்தான், கல்லையே தேவையற்றதாக்கும் ஒரு மாற்றம் சீமையில் உருவாகிக்கொண்டிருந்தது. தட்டினாலே வெடிக்கும் ரச உப்பை எட்வர்ட் ஹோவர்ட் 1800-இல் வெளியிட்டார். அடியால் வெடிக்கும் அவ்வகை மருந்தைக் கொண்டு துப்பாக்கியைப் பற்றவைக்கும் முறைக்கு, ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபார்சைத் 1807-இல் உரிமை பெற்றார். அதுவே நாளடைவில் சிறு செப்புத் தொப்பியாகி, நம்மவர் வாயில் கேப்பு ஆயிற்று. 1834-இல் வுல்விச்சில் இருவகைத் துப்பாக்கிகளிலும் ஆறாயிரம் முறை சுட்டுப் பார்த்தபோது, கல் வைத்தவை 922 தடவையும் கேப்பு வைத்தவை 36 தடவை மட்டுமே வெடிக்காமல் போயின.

இந்த வித்தியாசத்தை உடம்பால் அனுபவித்தவர்கள் சென்னை ராஜதானியின் சிப்பாய்களே. 1841 மே 30 அன்று, சீனத்துக் காண்டன் நகருக்கு வெளியே, 37-ஆம் சென்னை சுதேசிக் காலாட்படையின் ஒரு கம்பெனி, இடியும் மழையுமாக இருந்த மாலையில் வழி தவறி, திரளான கிராமத்தாரிடையே சிக்கிக்கொண்டது. மருந்து நனைந்து கல் வைத்த துப்பாக்கிகள் ஊமையாகிவிட, சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்துச் சனியன்களாலேயே தங்களைக் காத்து நின்றார்கள். அவர்களைத் தேடிக் காப்பாற்றியவர்கள் கேப்புத் துப்பாக்கி ஏந்திய ஆங்கிலக் கடற்படை வீரர்கள். அதே மழையில் அவை தடையின்றி வெடித்தன. கேப்பு அப்போது அந்த வெள்ளைக் கடற்படை வீரர்களுக்குக் கிடைத்திருந்தது. கடல் கடந்து போரிட அனுப்பப்பட்ட நம் ஆட்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. இந்தத் தாரதம்மியம் என்னை இன்றும் வருத்துகிறது.

ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உப்புக் காற்றும் உள்ள தூத்துக்குடிக் கரைக்குக் கல்லைவிடக் கேப்பே ஏற்றது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தேர்வு கரை ஜனங்களிடம் ஒருபோதும் விடப்படவில்லை. எது, யாருக்கு, எப்போது என்பதைச் சர்க்காரே தீர்மானித்தது. 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இன்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று பிரிட்டிஷ் இந்தியாவில் பொதுவாக விதித்தது. பாஞ்சாலங்குறிச்சி யுத்தத்தைப் பற்றி நமக்கு நாடகமும் சினிமாவும் இருக்கின்றன. அந்த 1801-ஆம் வருஷத்துப் பிரகடனத்தைத் தமிழில் முழுமையாகப் பெயர்த்து, நம் பிள்ளைகளின் சரித்திரப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று கல்வியதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.