அமைப்பு மீள்வாசிப்பு (கமெராப் படச் செயலி)

கமெராவின் படச் செயலிக்கு இடப்பட்டுள்ள அளவுகளை, அதன் இயக்கி மென்பொருளிடமே கேட்டறியும் முறை. மண்டைதீவில் நின்று, நண்பகல் வெயிலில் கண்கூசும் பண்ணைக் கடலைப் படமெடுக்கும் கருவிக்கு நிரல் எழுதுபவர், வெண்மைச் சமநிலையும் காமா வளைவும் தாம் இட்டபடியே இயக்கியிடம் பதிவாயினவா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள இதுவே உற்ற சாதனம்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஎம்365 சில்லுக்கென லினக்சில் எழுதப்பட்ட இயக்கி இதற்குத் தெளிவான உதாரணம். வெண்மைச் சமநிலை, இரைச்சல் நீக்கம், காமா, விளிம்புக் கூர்மை முதலிய பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் என வகுத்த கொடியெண்ணில், வேண்டியவற்றை மாத்திரம் பயனர் நிரல் குறித்து, விடை வைக்கவேண்டிய நினைவக முகவரிகளையும் உடன் அனுப்ப, இயக்கி தன்னிடம் காத்துவைத்த பிரதியிலிருந்து அவற்றை எடுத்து, அம்முகவரிகளைக் கண்மூடி நம்பாது, கேர்னலின் பாதுகாப்பான நகலெடுப்பு வழியே ஒப்படைக்கிறது. முகவரி தவறானால் பிழையெண் திரும்பும்.

ஈண்டு ஒன்றை அழுத்திச் சொல்லல் அவசியம்: கிடைப்பது இயக்கியின் பிரதியேயன்றி, வன்பொருளின் பதிவகங்களில் அக்கணம் உறையும் மதிப்பன்று. படச் செயலி மாத்திரம் மீட்டமைக்கப்பட்டுத் தொடக்க நிலைக்குத் திரும்பியிருப்பினும், பிரதி பழைய எண்ணையே கூறக்கூடும்.