தனி அலுவலர் காலமும் குடிமைப் பங்கேற்பும்: கலசப்பாக்கம் வட்டாரத்தை முன்வைத்து

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றங்கரையில் உள்ள கலசப்பாக்கம், ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சார்ந்தது. குழித்தறி நெசவாளருக்கு வீடே தொழிற்கூடம். தெருக் கால்வாய் அடைபட்டு மழைநீர் வீட்டிற்குள் புகுந்தால் தறிக்குழியில் நீர் தேங்கி நெசவு நின்றுவிடும். கால்வாய், குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பேணுவது கிராம ஊராட்சியின் கடமையாகும். ஆகவே, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றம் இல்லாத காலங்களில் மக்கள் இழந்தது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தேர்தல்களும் இடைவெளிகளும்

தமிழகத்தில் 1970ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்த தேர்தல் 1986இல்தான் நடைபெற்றது. 1991இல் அம்மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. மறுதேர்தல் 1996இல் நடந்தது. இத்தகைய இடைவெளிகளைத் தடுக்கும் வகையில், பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்று 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வகுத்தது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் 1996, 2001, 2006, 2011 ஆகிய ஆண்டுகளில் தேர்தல்கள் முறையாக நடந்தன.

2016இல் இவ்வொழுங்கு முறிந்தது. பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில், தேர்தல் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று ரத்து செய்தது. திருவண்ணாமலை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் வாக்குப்பதிவு நடைபெற்றது.

தனி அலுவலர் ஆட்சி

இடைப்பட்ட மூன்றாண்டுகளில் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் இருந்தது. கிராம சபைகளும் கூட்டப்பட்டன. எனினும் ஒன்றியத்தின் பல ஊராட்சிகளுக்கு ஓர் அலுவலரே பொறுப்பு வகித்ததால், கால்வாய் அடைப்பை நேரில் முறையிடத் தெருவின் வார்டு உறுப்பினர் எவரும் இலர். அலுவலர் மேலதிகாரிக்கே விடை கூறக் கடமைப்பட்டவர்; வாக்காளருக்கு அல்லர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இன்மையால் 14ஆவது நிதி ஆணைய மானியத்தில் ஒரு பகுதியும் நிறுத்திவைக்கப்பட்டது. 2016இல் சட்டமாக்கப்பட்ட மகளிருக்கான 50 விழுக்காட்டு இடஒதுக்கீடும் 2019 வரை நடைமுறைக்கு வரவில்லை.

முடிவுரை

அலுவலர் ஆட்சியில் பணிகள் முற்றிலும் நின்றுவிடவில்லை. கேள்வி கேட்கும் உரிமைக்குரிய முகவரியே மறைந்தது. 2025 ஜனவரி 5இல் பதவிக்காலம் முடிந்தபின் இவ்வட்டார ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றமை, இது கடந்தகாலச் சிக்கல் மட்டுமன்று என்பதை உணர்த்துகிறது. கிராம சபையின் வலிமை, அது கூடும் நாள்களின் எண்ணிக்கையைவிட, அதன் தீர்மானத்திற்கு விடை கூறக் கடமைப்பட்ட மன்றம் ஊரில் உள்ளதா என்பதையே சார்ந்துள்ளது.