ஊரின் பொதுவிடங்களும் நமது பங்கும்

ஊர்ப்பெயர்கள் எளிதில் அழிவதில்லை. வயல் மறைந்து வீடு எழுந்த பின்னரும், ஏரி சுருங்கிச் சாலை அகன்ற பின்னரும், பெயர் மட்டும் பழைய நிலத்தின் சாட்சியாக நிற்கிறது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்: சேலையூர், முடிச்சூர், இரும்புலியூர், பெருங்களத்தூர், மாடம்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், கடப்பேரி, பீர்க்கன்கரணை. பெரும்பாலும் ஊர் என்றும் பாக்கம் என்றும் ஏரி என்றும் முடியும் இப்பெயர்கள், இங்கே உழவர் வாழ்ந்தனர், நீரைத் தேக்கினர், கூடி வாழ்ந்தனர் என்பதை நமக்கு உரைக்கின்றன.

2021-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கித் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. ஊர்கள் வட்டங்களாயின, வட்டங்கள் எண்களாயின. நிருவாகத்திற்கு இது நலமே. ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. அவ்வூர்கள் பொதுவென வைத்திருந்த ஏரியும் குளமும், சாவடியும் மண்டபமும், கோயிலும் பள்ளியும் இனி யாருடையவை? சட்டம் இதற்கு எளிதாக விடை கூறிவிடும். ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு துறையின் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் அவற்றைத் தம்முடையவை எனக் கருதிப் பேணுவார் யார் என்று கேட்டால், பதிவேடு மௌனம் சாதிக்கிறது. இந்த மௌனத்தைப் பற்றியே நாம் சற்று எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

கல்லில் எழுதிய முறை

பொதுக்கட்டடம் ஒன்று எவ்வாறு நிலைக்கிறது? பல்லாவரத்துக் குன்றில் ஒரு குடைவரை உள்ளது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்தது அது. அவனுடைய விருதுப் பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அக்குடைவரை இசுலாமியரின் தர்காவாயிற்று. குடைந்தவர் வேறு, பின்னர் அங்கே விளக்கேற்றியவர் வேறு. ஆயினும் மக்கள் வந்து நின்று மனமுருகும் இடமாகவே அது தொடர்ந்தது. மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயிலையும் இங்கு நினைவுகூரலாம். யானையின் பின்புறத்தை ஒத்து வளைந்த விமானமுடைய அச்சோழர் காலக் கற்றளி, இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பினும், அதன் உயிர் அங்கே நாள்தோறும் நடைபெறும் வழிபாட்டில்தான் இருக்கிறது. பயன்படுத்துவோர் இருக்கும்வரை கட்டடத்திற்கு வாழ்வு உண்டு.

பயன்பாடு மட்டும் போதுமா? போதாது என்பதை உத்திரமேரூர் நமக்குக் கற்பிக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள அவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயிலே ஊர்ச்சபை கூடிய மண்டபம் ஆகும். முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளுக்குரிய, அதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் அதன் சுவர்களில் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். அவ்வாறு தேர்ந்தவர்கள் ஆண்டு வாரியமாகவும், தோட்ட வாரியமாகவும், ஏரி வாரியமாகவும் அமைந்து ஓராண்டு பணிசெய்து விலகினர். ஏரியைக் காப்பதற்கென்றே அறுவர் கொண்ட ஒரு குழு இருந்தது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமற் சென்றவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவர் அல்லர் என அக்கல்வெட்டு விதிக்கிறது. பொதுப்பொருளைக் கையாண்டவன் கணக்கு ஒப்புவித்தே ஆகவேண்டும். தவறினால் அவன் சுற்றமும் விலக்கப்படும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர், இதனை எவரும் மறைக்க இயலாதவாறு கூடும் மண்டபத்தின் சுவரிலேயே வெட்டி வைத்தனர். கட்டடமே அங்குச் சட்டநூலாயிற்று.

ஆனால் அம்மண்டபத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் நேர்மையோடு கூறியாக வேண்டும். உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் தகுதிகளாயின. பெண்களுக்கு அங்கே இடமில்லை. அந்நிலத்தை உழுத கைகளுக்கும் இடமில்லை. பழம்பெருமை பேசும்போது இக்குறையை மூடி மறைப்பது வரலாற்றுக்கும் அறத்திற்கும் பொருந்தாது.

களத்தில் பிரித்த பங்கு

சோழர் காலம் தொலைவில் உள்ளது என்று சிலர் கூறக்கூடும். அண்மைக் காலத்திற்கு வருவோம். 1763-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபு, சென்னையைச் சூழ்ந்த செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினிக்குச் சாகீராக அளித்தார். தாம்பரத்தைச் சூழ்ந்த நம் ஊர்களும் அந்நிலப்பரப்பைச் சார்ந்தவையே. பொறியாளர் தாமசு பர்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை அப்பகுதியின் ஈராயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களை அளந்து பதிவு செய்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் ஓலைச்சுவடிகளும் அப்பதிவுகளுக்குத் துணைநின்றன. பிற்காலத்தில் அறிஞர் தரம்பால் அவர்கள் இவற்றை ஆராய்ந்து உலகிற்கு எடுத்துக் காட்டினார்.

அவ்வேடுகளில் வயலின் பரப்பு மட்டுமா உள்ளது? ஏரி எவ்வளவு, குளம் எவ்வளவு, தோப்பு எவ்வளவு, வீட்டுமனை எவ்வளவு, கோயிலும் சத்திரமும் எத்தனை என யாவும் எண்ணப்பட்டுள்ளன. விளைச்சலைக் குடியானவனும் அரசும் பகிர்வதற்கு முன்னரே, களத்துமேட்டில் பொதுவுக்கென ஒரு பகுதியை ஒதுக்கினர். கோயிலுக்கு இவ்வளவு, ஏரிக்கு இவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கும் தச்சருக்கும் கருமாருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் வெட்டியானுக்கும் இவ்வளவு என அளந்து கொடுத்தனர். இப்பங்கினை மேரை என்றும் சுதந்திரம் என்றும் வழங்கினர். பெருங்களத்தூர் என்னும் பெயரைக் கேட்கும்போதெல்லாம், அதனுள் ஒலிக்கும் களம் நமக்கு இதனை நினைவூட்டலாம்.

ஏரிக்கு ஒதுக்கிய பங்கு அதன் கரைக்கும் மதகுக்கும் கலங்கலுக்கும் வரத்துக் கால்வாய்க்கும் செலவாயிற்று. ஆண்டுதோறும் ஊரார் கூடி மண் சுமந்து செய்த வேலையைக் குடிமராமத்து என்றனர். கும்பினியின் வரிமுறை வேரூன்றி, ஊரில் தங்கவேண்டிய பங்கு கருவூலத்தை நோக்கிச் சென்றபோது இவ்வேலையும் தளர்ந்தது. 1858-ஆம் ஆண்டு, குடிமராமத்தைக் கட்டாயமாக்கிச் சென்னை மாநிலத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வழக்கமாகவே நடந்துவந்த ஒன்றுக்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதே, அவ்வழக்கம் எவ்வளவு நலிந்திருந்தது என்பதற்குச் சான்றாகும். அந்த மண்கூடையைப் பெரும்பாலும் சுமந்த தலைகள் சேரியிலிருந்து வந்தவை என்பதையும் நாம் மறத்தலாகாது. பங்கு பெறுவதில் பின்தள்ளப்பட்டோரே உழைப்பதில் முன்தள்ளப்பட்டனர்.

புதிய வாயில்கள்

பொதுப்பணி என்பது பழங்குடிகளுக்கு மட்டுமே உரியதன்று. வந்தேறியவரும் இம்மண்ணில் பொதுக்கட்டடம் எழுப்பியுள்ளனர். பரங்கிமலையின் உச்சியிலுள்ள ஆலயம் 1523-ஆம் ஆண்டு போர்ச்சுக்கீசியர் எழுப்பியது. அதற்கு ஏறிச்செல்லும் கற்படிகளை 1726-ஆம் ஆண்டளவில் கட்டுவித்தவர் பெத்ருசு உசுக்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டியவரும் அவரே. கட்டியதோடு நில்லாமல், அவற்றைப் பேணுவதற்கெனத் தனியாகப் பொருளும் ஒதுக்கி வைத்தார். கல்வெட்டில் பெயர் பொறித்துக்கொள்ள விரும்புவோர் பலர் உளர். தாம் மறைந்த பின்னர் உடையப்போகும் படியைத் திருத்துவதற்கு இன்றே பொருள் வைப்போர் சிலரே. உசுக்கான் அச்சிலருள் ஒருவர்.

இருபதாம் நூற்றாண்டில், பழைய ஊர்மண்டபங்களினின்றும் வேறுபட்ட பொதுக்கட்டடங்கள் இங்கே தோன்றின. 1928-இல் மருத்துவர் சவரிமுத்து அவர்கள் தாம்பரத்தில் காசநோயாளர்க்கென ஒரு நலவாழ்வு இல்லத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில் அத்தகைய இல்லமொன்றை நடத்திப் பட்டறிவு பெற்றவர் அவர். காற்றும் வெளிச்சமுமே மருந்தென நம்பிய காலம் அது. காசம் என்றால் உற்றாரும் ஒதுங்கிய நாளில், ஒதுக்கப்பட்டோர்க்கு அது ஊராயிற்று. 1937-இல் அரசு அதனை ஏற்றது. 1993 முதல் எச்.ஐ.வி. தொற்றுற்றோரையும் அது ஏற்றுக்கொண்டது. தொடர்வண்டி நிலையமும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றே பெயர் தாங்கி நிற்கிறது.

1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடலாயிற்று. நிலையத்தின் நடைமேடை, நம் ஊர்கள் அதுவரை கண்டிராத பொதுவிடம். சீட்டு வாங்கியவர் எக்குலத்தவராயினும் அருகருகே நின்றனர். 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரின் நெரிசலிலிருந்து சேலையூர்க் காட்டிற்குப் பெயர்ந்து வந்தது. மறுஆண்டு திசம்பரில், அனைத்துலக மறைத்தூதுப் பேரவையின் மாநாடு அவ்வளாகத்தில் நடைபெற்றது. சீனாவில் நடத்த எண்ணியிருந்த அம்மாநாடு, அங்கே போர் மூண்டதால் இங்கே வந்தது. இறையியல் பயில்வோர் இன்றும் உலகின் பல மூலைகளில் ‘தாம்பரம் 1938’ என்று குறிப்பிடுகின்றனர். நம் ஊர்ப்பெயர் நூல்களில் வாழ்கிறது. நம் இளைஞருள் எத்தனை பேர் அதனை அறிவர்?

நீர் கேட்ட கணக்கு

பொதுவிடங்களை மறந்ததன் விலையை 2015-ஆம் ஆண்டு திசம்பரில் நாம் கண்கூடாகக் கண்டோம். அடையாறு பெருகி முடிச்சூரையும் மேற்குத் தாம்பரத்தின் பல பகுதிகளையும் மூழ்கடித்தது. தெருக்களில் படகுகள் சென்றன. வரலாறு காணா மழை என்றனர், அது உண்மையே. ஆயினும் வரத்துக் கால்வாய் எது, கலங்கல் எப்பக்கம், நீர் எவ்வழி இறங்கும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். மனைவாங்கிக் குடியேறிய நாம் பத்திரத்தைப் படித்தோம், நிலத்தைப் படிக்கவில்லை. அந்நாள்களில் பள்ளிக்கூடங்களும் திருமண மண்டபங்களும் எல்லாச் சமயத்து வழிபாட்டு இல்லங்களும் கதவு திறந்து மக்களை ஏற்றன. வாடகைக்கு விடும் கூடங்களாகவே நாம் அறிந்திருந்தவை, சில நாள்களேனும் ஊர்ச்சாவடிகளாயின. பொதுக்கட்டடம் எதற்காக என்ற வினாவிற்கு அதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை.

கத்தோலிக்கத் தமிழரிடையே ஓர் அழகிய சொல் வழங்குகிறது. ஓர் ஆலயத்தைச் சூழ்ந்த இறைமக்கள் தொகுதியைப் பங்கு என்கிறோம். கிரேக்கத்தில் இதற்குரிய சொல் ‘பரோயிக்கியா’ என்பது. அயலாராய் வந்து தங்கியோரின் குடியிருப்பு என்பது அதன் பொருள். தமிழோ அதனைப் பங்கு என்றது. களத்துமேட்டில் பிரித்த பங்கும் அதே சொல்தான். அயலாராய் வந்தோம் என்று ஒரு மொழி கூறுகிறது. பங்காளிகளாய் இருங்கள் என்று மற்றொரு மொழி கூறுகிறது. தாம்பரம் போன்ற புறநகரில் வாழும் அனைவர்க்கும், எச்சமயத்தவராயினும், இவ்விரண்டும் பொருந்தும். நம்முள் பலர் வேற்றூரிலிருந்து வந்தோரே. நாம் கட்டாத ஏரியின் அருகில் வாழ்கிறோம். நாம் நடாத மரத்தின் நிழலில் நிற்கிறோம். வந்தவர் என்பதால் பங்கு குறைந்துவிடாது. பங்கு உண்டு என்பதால் கடமையும் குறைந்துவிடாது.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? பெருஞ்செலவு தேவையில்லை. ஒவ்வொரு பழைய ஊரிலும் உள்ள பொதுவிடங்களை, அதாவது ஏரி, குளம், கல்மண்டபம், சாவடி, பழைய பள்ளி, பழைய ஆலயம் முதலியவற்றை, முதியோரிடம் கேட்டு எழுதி வைப்போம். ஒவ்வொன்றையும் யார் எந்நாளில் பார்த்துக்கொள்வது என முறை வகுப்போம். பெறுவதையும் செலவிடுவதையும், உத்திரமேரூர் மண்டபத்தில் போல, யாவரும் காணும் இடத்தில் கணக்காக எழுதுவோம். அன்று குடவோலையில் பெயர் இடம்பெறாத பெண்களும் உழைப்பாளரும் இம்முறை முதல் வரிசையில் இருக்கட்டும்.

இறுதியாக, நம் சமூகங்களுக்கு ஒரு வேண்டுகோள். மக்கள் தொகை பெருகிவிட்டது. பழைய ஆலயம் சிறிது, பழைய கூடம் குறுகலானது. ஆகவே இடித்துப் பெரிதாகக் கட்டுவோம் என்னும் பேச்சு எங்கும் கேட்கிறது. சில இடங்களில் அது தவிர்க்க இயலாத தேவையே. ஆயினும் கடப்பாரையை எடுக்குமுன், அச்சுவருக்குச் சுண்ணாம்பு அரைத்தவர் யார், செங்கல் சுமந்தவர் யார், தம் கூலியில் ஒரு நாளைக் கொடுத்தவர் யார் என்று கேட்டறிவோம். அப்பெயர்களை எழுதி முடித்த பின்னர், இடிப்பதா பேணுவதா என்று கூடி முடிவெடுப்போம். அவர்களுடைய பங்கையும் கணக்கில் சேர்த்த பின்னர் எடுக்கும் முடிவே நேர்மையானதாகும்.