செட்டிநாட்டுத் திருமணமும் ஒளிப்படத் தொழிலும்

முன்னுரை

பண்டை வரலாற்றை ஆராய்வார்க்குக் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் சான்றாதல் போல, சென்ற ஒன்றரை நூற்றாண்டின் வரலாற்றை ஆராய்வார்க்கு ஒளிப்படமும் சான்றாகும். கோயில்களின் படங்களையும் தலைவர்களின் படங்களையும் போற்றிய நாம், திருமண வீடுகளில் எடுக்கப்பட்ட படங்களையும், அவற்றை எடுத்தே வாழ்ந்த தொழிலாளரையும் ஆராய்ச்சிக்கு உரியனவாகப் பெரிதும் கருதியதில்லை. காரைக்குடியை நடுவாகக் கொண்ட செட்டிநாட்டில் திருமணப் படம் எடுத்தல் ஒருவர்க்கு எவ்வாறு முழுநேரப் பிழைப்பாக அமைந்தது, அப்பிழைப்பு எவற்றைச் சார்ந்து நின்றது, அதனோடு நம் வரலாற்றுச் சான்றுகள் எவ்வாறு பிணைந்துள்ளன என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்னும் மூன்று சொற்கள் எழுத்து வழக்கில் உள்ளன. மக்கள் பேச்சில் ‘போட்டோ’ என்பதே பெருவழக்கு. ஒளியால் வரைதல் என்னும் கிரேக்க மூலப்பொருளோடு ஒத்து நிற்றலின் ஒளிப்படம் என்பதையே ஈண்டு ஆள்கின்றோம்.

தொழிலின் தொடக்கம்

1839ஆம் ஆண்டில் பாரிசு நகரில் இக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியும், 1856இல் தோன்றிய சென்னை ஒளிப்படக் கழகமும் இதனை நம் நாட்டில் வளர்த்தன. அக்காலத்திலேயே லின்னேயசு டிரைப் என்னும் படைத்தலைவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பெற்றார். மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய இடங்களில் அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. புதுக்கோட்டை செட்டிநாட்டின் வடக்கு எல்லையை ஒட்டியது. ஆதலின், இப்பகுதிக்கு வந்த முதல் முழுநேர ஒளிப்படக் கலைஞர்களுள் ஒருவர் அரசுச் சம்பளக்காரர் என்று கொள்ளலாம். ஆனால் சார்லசு திரெவெலியன் ஆளுநராக வந்தபின், செலவு மிகுதி எனக் கருதி அப்பணியை நிறுத்திவிட்டார்.

இந்நிகழ்ச்சி நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. புரவலர் ஒருவரை மட்டும் நம்பிய தொழில் ஓர் ஆணையால் முடிந்துபோகும். தலைமுறைதோறும் தன்னை வேண்டுவோரைப் பெற்ற தொழிலே நிலைக்கும். ஒளிப்படத் தொழிலுக்கு அத்தகையோரை அளித்தது குடும்பச் சடங்காகும்.

அதற்குக் கருவியும் இடந்தர வேண்டியிருந்தது. தொடக்கத்தில் பெருவழக்கிலிருந்த ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்து பூசுதல், படம் பிடித்தல், கழுவுதல் ஆகிய மூன்றும் ஈரம் உலருமுன் முடிதல் வேண்டும். 1871இல் மேடக்சு என்பார் வெளியிட்ட உலர்தகட்டு முறை இவ்விடரைப் போக்கியது. தகடுகளைப் பெட்டியில் வைத்து ஊரூராக எடுத்துச் சென்று, மண வீட்டில் படம் பிடித்து, திரும்பி வந்து இருட்டறையில் கழுவும் வாய்ப்பு அதன்பின்னரே உண்டாயிற்று.

எழுத்திற் பதிந்த திருமணம்

செட்டிநாட்டிற்குச் சிறப்பாக உரிய காரணம் ஒன்றும் உண்டு. நகரத்தார் திருமணம் ஒளிப்படம் வருவதற்கு முன்னரே ஆவணத்திற் பதியப்பெற்ற நிகழ்ச்சியாக இருந்தது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றனைச் சார்ந்தே ஒவ்வொரு குடும்பமும் விளங்குகின்றது. மணமக்கள் இருவர் சார்ந்த கோயில்களிலிருந்தும் மாலை வருதல் வேண்டும். மணம் முடிந்தபின் அவ்விணையர் கோயிற் கணக்கில் ஒரு ‘புள்ளி’ ஆகின்றனர். ‘இசைகுடிமானம்’ என்னும் மண ஒப்பந்தம் எழுதப்பெறுகின்றது. வந்தோர் அளித்த மொய் ஏட்டில் ஏறுகின்றது. கணக்கெழுதுதலையே வாழ்க்கையாகக் கொண்ட வணிகர், திருமணத்தையும் கணக்கிற் கொண்டனர் என்பது வியப்பன்று.

இவ்வரிசையில் நான்காவது ஆவணமாக வந்து சேர்ந்ததே ஒளிப்படம் என்பது எம் கருத்து. எழுத்தாற் காட்டவொண்ணாதவற்றை அது காட்டிற்று. கழுத்துரு என்னும் பொன்னணி திருமண நாளிலும் அறுபதாம் ஆண்டு நிறைவு போன்ற அரிய நாள்களிலுமே அணியப்பட்டுப் பின் பெட்டகத்துட் செல்வது. அது அணியப்பெற்ற நிலையை நெடுநாள் கண்முன் நிறுத்தியது படமே. பங்காளிகள் யார், தாயபிள்ளைகள் யார், மணமக்களுக்கு அருகில் நிற்கும் உரிமை யார்க்கு என்பனவெல்லாம் குழுப்படத்தின் வரிசையில் அமைந்துவிட்டன. ஆகவே, குழுப்படத்தில் ஆட்களை நிறுத்தத் தெரிதல் உறவுமுறை அறிவையும் வேண்டியது. கருவியை மட்டும் கற்றவர் அவ்வீட்டில் தவறு செய்வர்.

கடல்கடந்த வணிகம் படத்தின் தேவையைப் பெருக்கிற்று. பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளுக்குக் ‘கொண்டுவிக்க’ச் சென்றோர் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு முடியுந்துணையும் ஊர் திரும்பார். கணவன் அக்கரையிலும் மனைவி இக்கரையிலும் வாழ்ந்த குடும்பங்களில் மணப்படம் அழகுப்பொருள் மட்டுமன்று. மணத்திற்கு வரவியலாத உறவினர்க்கும் படிகள் அஞ்சலிற் சென்றன. ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கவேண்டிய நிலை இதனால் உண்டாயிற்று.

வீட்டின் அமைப்பும் துணை செய்தது. முகப்பைக் கடந்து வளவிற்குள் நுழைந்தால், நடுவில் வானம் நோக்கித் திறந்த முற்றம் உள்ளது. மேலிருந்து இறங்கிச் சுவர்களிற் பட்டுப் பரவும் வெயில், மின்விளக்கு வாராத காலத்தில் படமெடுப்பார்க்கு இயற்கையாகவே வாய்த்த ஒளியாகும்.

பிழைப்பின் மூன்று கால்கள்

திருமணத்தை மட்டும் நம்பி ஒருவர் ஆண்டு முழுதும் வாழ்தல் அரிது. ஆடி, மார்கழித் திங்களில் மணங்கள் நிகழ்வதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்ப்பர். மற்றத் திங்களில் ஒரே முகூர்த்த நாளில் பல மணங்கள் கூடுகின்றன. ஒருவர் ஒரு மண வீட்டிலேயே நிற்கவியலும். எனவே இத்தொழிலில் வேலையின்மையும் வேலைமிகுதியும் மாறிமாறி வருவன. தொழில் பழகும் இளைஞரைக் கூட வைத்துக்கொண்டு முகூர்த்தங்களைப் பகிர்தலே இதற்குத் தொழிலாளர் கண்ட வழி.

இரண்டாவது கால் கடை வேலை. பள்ளிக் குழுப்படம், கடவுச்சீட்டுப் படம், இறந்தோர் படத்தைப் பெரிதாக்கி வண்ணந்தீட்டுதல் ஆகியன மணமில்லாத் திங்களில் அடுப்பெரியச் செய்தன. 1948இல் இலங்கை இயற்றிய குடிவரவு குடியகல்வுச் சட்டம் போன்றவற்றால் கடல்வழிப் போக்குவரவு பயண ஆவணங்களுக்கு உட்பட்டது. 1993 முதல் வாக்காளர்க்கு ஒளிப்பட அடையாள அட்டை வழங்கப்பெற்றது. அரசு முகத்தை ஆவணமாகக் கேட்கக்கேட்க, கடை வேலை வளர்ந்தது.

மூன்றாவது கால், தொழிலாளர் ‘நெகட்டிவ்’ என்றே வழங்கும் மூலத்தகடு. பத்தாண்டு கழிந்து படி கேட்டு வருவோர் அக்கடைக்கே வருதல் வேண்டும். நிலவுடையார்க்கு நிலம் போல இவர்க்கு நெகட்டிவ் இருந்தது. சட்டம் கூறுவது வேறு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, ஒருவர் பணங்கொடுத்துத் தமக்கென எடுப்பித்த படத்தின் முதல் உரிமையாளர் அவரேயாவர். இவ்வாறு உரிமை மண வீட்டாரிடத்தும், பொருள் கடைக்காரரிடத்தும் பிரிந்து நின்றன. பின்வந்த இழப்புகட்கு இப்பிரிவும் ஒரு காரணம் எனக் கருதுகின்றோம். வீட்டார் கடையில் இருக்கிறதென்று இருந்தனர். கடைக்காரர் வீட்டாரிடம் படி இருக்கிறதென்று இருந்தனர்.

கோட்டையூர் தந்த சான்று

ஒளிப்படத்தை முறையாகக் கற்க வெளிநாடு சென்ற செட்டிநாட்டவர் ஏ. கே. செட்டியார். கோட்டையூரில் 1911இல் பிறந்த அவர், 1930களில் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் இக்கலையைப் பயின்றார். அக்கல்வி அவர்க்குக் கடை வைத்தற்குப் பயன்படவில்லை. பயணத்திற்கும் இதழ்ப்பணிக்குமே பயன்பட்டது. 1940இல் வெளிவந்த காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்திற்காக, ஏறத்தாழ 30 ஆண்டுகளில் 100 ஒளிப்பதிவாளர்கள் பிடித்திருந்த 50,000 அடிப் படச்சுருளை உலகெங்கும் தேடித் தொகுத்தார். பிறர் எடுத்து மறந்தவற்றைத் தேடிச் சேர்த்ததே அவர்தம் பெரும்பணி என்பது நினையத்தக்கது. அத்தகையவர் தொகுத்த அப்படமே பின்னர்க் காணாமற் போயிற்று என்பதும், அதன் ஆங்கில வடிவத்தைப் பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அமெரிக்காவிற் கண்டெடுத்தார் என்பதும் வருந்தியும் மகிழ்ந்தும் எண்ணற்குரியன. உலகத் தலைவர் ஒருவரின் படச்சுருளுக்கே இந்நிலையாயின், ஊர்க்கடையின் நெகட்டிவ் பெட்டிக்கு என்ன காவல் உண்டு?

மாற்றமும் இழப்பும்

காரைக்குடியில் இயங்கிய ஏவி.எம். படநிலையம் ‘நாம் இருவர்’ (1947) படத்திற்குப்பின் 1948இல் சென்னைக்குப் பெயர்ந்தது. திரைப்படத் தொழில் பெயரக்கூடியது. திருமண ஒளிப்படத் தொழில் மண வீடு உள்ள ஊரிலேயே நிற்கவேண்டியது. ஆயினும் அது நின்ற இடத்திலேயே மாறிற்று. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துசுதான் ஒளிப்படச்சுருள் ஆலை 1967 முதல் ‘இந்து’ என்னும் பெயரிற் சுருள்களை ஆக்கி, பின்னாளில் மூடப்பட்டது. வண்ணப்படம் பரவியபோது கழுவும் வேலை நகரத்து ஆய்வகங்களுக்குச் சென்றது. இருட்டறைக் கைத்திறன் தொழிலாளரை விட்டு நீங்கிற்று. 1980களில் வீடியோவும், 2000க்குப் பின் எண்முறைக் கருவியும் வந்தன. கோப்புகளை வீட்டார் கையிலேயே ஒப்படைக்கும் வழக்கம் வந்தபோது மூன்றாவது கால் முறிந்தது. இன்று இத்தொழிலர் பெரும்பாலும் தம் நாளையும் உழைப்பையுமே விற்கின்றனர். நேற்றைய உழைப்பு நாளைக்கு வருவாய் தருவதில்லை.

வருவாய் தாரா நெகட்டிவைப் பேணுவார் யார்? கண்ணாடித் தகட்டின் படலத்தைச் சுரண்டிப் படச்சட்டத்திற்குக் கண்ணாடியாக்குதலும், வெள்ளியைப் பிரித்தெடுக்கச் சுருள்களை எடைக்கு விற்றலும் தொழில் வட்டாரத்தில் நிகழ்ந்தவை. அவரைக் குறை கூறுதல் பொருந்தாது. பிழைப்பு இருந்தவரை அவர் காப்பாளராகவும் இருந்தார். பிழைப்புப் போனபோது காப்பும் போயிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திருமணப் படம் எடுத்தல் முழுநேரத் தொழிலாயினமைக்கு முகூர்த்தம், கடை வேலை, நெகட்டிவ் ஆகிய மூன்றும் காரணங்கள் என்பதும், அவற்றுள் நெகட்டிவே தொழிலையும் வரலாற்றையும் ஒருங்கு தாங்கியது என்பதும் போதரும்.

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. மனைகளுக்குக் கிடைத்த இம்மதிப்பு, அம்மனைகளில் வாழ்ந்தோர் முகங்களுக்கும் கிடைத்தல் வேண்டும். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் துணையோடு தமிழகப் படக்கடைகளின் பழம்படங்களைப் படியெடுத்துக் காத்த முயற்சி நல்ல முன்மாதிரி. நம் பல்கலைக்கழக மாணவர், ஓலைச்சுவடி தேடி வீடுவீடாகச் சென்ற முன்னோரைப் பின்பற்றி, கடைகடையாகச் செல்வாராக. படத்தை மட்டும் பெற்று வருதல் போதாது. படத்தில் நிற்போர் யார், எவ்வூர், எவ்வாண்டு என்பவற்றை அறிந்த ஆச்சிமார் உள்ளபோதே அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும். பெயரறியாப் படம் எழுத்தழிந்த கல்வெட்டை ஒக்கும்.