மூலநாடாவும் மறுவெளியீடும்: எல்.பி. இசைத்தட்டு வணிகத்தின் ஒரு வரலாறு

நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீண்ட நேர இசைத்தட்டை, அதாவது எல்.பி.யை, அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948 ஜூன் மாதத்தில் அறிமுகப்படுத்தியபோது, அதன் 12 அங்குல வரிசையில் எம்.எல். 4001 என்ற முதல் எண்ணைப் பெற்ற தட்டு புதிய பதிவு அன்று. மெண்டல்சோனின் வயலின் கான்செர்டோவை நாதன் மில்ஸ்டைன் வாசிக்க, புரூனோ வால்ட்டர் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவை நடத்திய அந்தப் பதிவு 1945ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 78 சுழற்சித் தட்டுகளின் தொகுதியாக ஏற்கெனவே விற்பனைக்கு வந்திருந்தது. அதே வேளையில் 10 அங்குல எல்.பி.யாக வந்த ஃபிராங்க் சினாட்ராவின் பாடல் தொகுப்பும் 1946இல் பழைய வகைத் தட்டுகளில் வெளியானதுதான். எனவே மறுவெளியீடு என்பது எல்.பி.யின் முதுமையில் வந்து ஒட்டிக்கொண்ட வணிகம் அன்று, அதனோடு உடன்பிறந்தது. இந்தியக் காடுகளிலிருந்து பெருமளவு ஏற்றுமதியான அரக்கைக் கொண்டு செய்யப்பட்ட பழைய தட்டு ஒரு பக்கத்துக்கு நான்கைந்து நிமிடங்களே ஓடியது. வினைல் தட்டோ இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடியதோடு, அரக்கின் கரகரப்பையும் பெரிதும் குறைத்தது. பழைய பதிவைப் புதிய தட்டில் வாங்கியவர் மேலான பொருளைத்தான் வாங்கினார் என்பதில் அன்று எவருக்கும் ஐயம் எழவில்லை. அந்த ஐயம் பின்னாளில் எப்படி எழுந்தது, மறுவெளியீட்டின் விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்ற கேள்வி நீதிமன்றம் வரை எப்படிப் போனது என்பதே இவ்வணிகத்தின் வரலாற்றில் கவனிக்கத்தக்க பகுதி.

அதற்கு முன் தட்டு உருவாகும் முறையைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் தரம் பற்றிய எல்லாச் சச்சரவுகளும் இம்முறையின் ஏதோ ஒரு படியில்தான் வேர் கொண்டிருக்கின்றன. இசை முதலில் காந்த நாடாவில் பதிவாகிறது. கலவையும் திருத்தமும் முடிந்த இறுதி நாடாவே மூலநாடா, தொழிலில் மாஸ்டர் டேப் எனப்படுவது. அந்த நாடாவை ஓடவிட்டு, அலுமினியத் தகட்டின்மேல் லாக்கர் பூசிய வட்டில் வெட்டு எந்திரத்தின் ஊசியால் சுருள் பள்ளத்தை வெட்டுபவர் மாஸ்டரிங் பொறியாளர். மென்மையான அந்த லாக்கர் தட்டின்மேல் வெள்ளி தெளித்து, மின்முலாம் முறையில் நிக்கல் ஏற்றி உரித்தெடுத்தால் 'தந்தை' எனப்படும் எதிர்ப்படிவம் கிடைக்கும். அதிலிருந்து 'தாய்' என்னும் நேர்ப்படிவமும், தாயிலிருந்து ஸ்டாம்பர் என்னும் அச்சுத்தகடும் எடுக்கப்படுகின்றன. இரண்டு ஸ்டாம்பர்களுக்கு நடுவே சூடான வினைல் உருண்டையை வைத்து, நீராவியால் சூடேற்றி அழுத்தி, உடனே தண்ணீரால் குளிர்வித்தால் தட்டு தயார். ஒரு ஸ்டாம்பர் ஏறத்தாழ ஆயிரம் தட்டுகளுக்குத்தான் தாங்கும், அதற்குமேல் பள்ளங்களின் கூர்மை மழுங்கிவிடும். பொறியாளர் எடுத்த நாடா மூலமா, நகலா, நகலின் நகலா என்பதும், ஸ்டாம்பர் எவ்வளவு உழைத்திருக்கிறது என்பதும், குளிர்விக்கும் நேரத்தில் ஆலை எத்தனை நொடி மிச்சம் பிடித்தது என்பதும் தட்டின் ஒலியில் வந்து சேர்கின்றன. ஆனால் உறை பிரிக்காத தட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது.

வாங்குபவரின் நம்பிக்கையை முதலில் அசைத்தது 1960களின் போலி ஸ்டீரியோ. இரண்டு ஒலிபெருக்கிகளில் வெவ்வேறு ஒலியைத் தரும் ஸ்டீரியோ தட்டுகள் 1958 முதல் பரவி, மோனோ என்னும் ஒற்றைத்தட ஒலி பழமையானதாகக் கருதப்பட்டபோது, நிறுவனங்கள் பழைய மோனோ பதிவுகளின் தாழ்ந்த சுரங்களை ஒரு பக்கமும் உயர்ந்த சுரங்களை மறுபக்கமும் பிரித்து, சிறிது தாமதமும் எதிரொலியும் சேர்த்து, ஸ்டீரியோ என்று விற்றன. கேபிடல் நிறுவனம் 1961இல் டியோஃபோனிக் என்ற பெயரில் இதைத் தொடங்கியது, ஆர்.சி.ஏ. நிறுவனமும் அதே காலத்தில் டோஸ்கனீனியின் பதிவுகளுக்கு இதைச் செய்தது. நல்ல மோனோ பதிவுகள் பலவற்றைக் குகைக்குள் ஒலிப்பதுபோல் ஆக்கிய இச்செயல், மறுவெளியீட்டு வரலாற்றின் பெரிய பண்பாட்டுச் சேதங்களில் ஒன்று. அடுத்த பத்தாண்டில் தட்டுகள் மெலிந்தன. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது பெட்ரோலியத்திலிருந்து பெறப்படும் வினைலின் விலை ஏறவே, விற்காத தட்டுகளை அரைத்த தூளையும் சில ஆலைகள் கலந்தன.

இச்சூழலில்தான் வாங்குபவர்கள் தட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள், இதற்குப் புளூ நோட் நிறுவனத்தைக் காட்டிலும் நல்ல சான்று வேறில்லை. 1939இல் நியூயார்க்கில் தொடங்கிய இந்த ஜாஸ் நிறுவனத்தை நாஜி ஜெர்மனியை விட்டு வந்த ஆல்ஃபிரட் லயனும் ஃபிரான்சிஸ் உல்ஃபும் நடத்தினார்கள். அதன் புகழ்பெற்ற பதிவுகளில் பெரும்பாலானவற்றை ரூடி வான் கெல்டர் முதலில் நியூ ஜெர்சியின் ஹேக்கன்சேக்கில் தம் பெற்றோரின் வீட்டு வரவேற்பறையிலும், 1959 முதல் எங்கல்வுட் கிளிஃப்ஸில் தாம் கட்டிய கூடத்திலும் செய்தார். லாக்கரையும் அவரே வெட்டினார். தட்டில் கடைசிப் பாட்டு முடிந்து நடுவிலுள்ள வட்டத்தாள் தொடங்கும்வரை பாட்டில்லாத வழுவழுப்பான வளையம் ஒன்று உண்டு. விளக்கொளியைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் அங்கே அவருடைய பெயர் முத்திரையோ ஆர்.வி.ஜி. என்ற கீறலோ தெரியும், அதற்கருகே மனிதக் காதின் வடிவத்தில் ஒரு சிறு சுழியும் இருக்கும். அச்சுழி உண்மையில் பிளாஸ்டிலைட் என்ற ஆலையின் முதலெழுத்து. சேகரிப்பாளர்கள் அதைக் 'காது' என்றே வழங்குகிறார்கள். 1965இல் லயன் நிறுவனத்தை லிபர்ட்டி ரெக்கார்ட்ஸுக்கு விற்ற சிறிது காலத்திலேயே காதுக்குறி மறைந்துபோனது. ஆகவே குறி உள்ள தட்டு பழைய உரிமையாளரின் கண்காணிப்பில் அழுத்தப்பட்டது என்று கொள்ளலாம். குறைவாக அச்சான ஹாங்க் மோப்ளியின் 1568ஆம் எண் தட்டின் முதற்பதிப்பு பல ஆயிரம் டாலருக்கு விலைபோவதன் அடிப்படை இத்தகைய நுண்குறிகளே.

லிபர்ட்டிக்குப் பின் யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ், இ.எம்.ஐ., 2012இல் யுனிவர்சல் என்று மூலநாடாக்கள் கைமாறிக்கொண்டே போயின. 1970களில் அவற்றை அலமாரி அலமாரியாகத் தேடி, வெளிவராத பதிவுகளை மீட்டவர் மைக்கேல் கஸ்குனா. அவரும் சார்லி லூரியும் தொடங்கிய மொசைக் ரெக்கார்ட்ஸின் முதல் பெட்டித் தொகுப்பு, தெலோனியஸ் மங்க்கின் புளூ நோட் பதிவுகளைத் திரட்டி 1983இல் வந்தது. ஜப்பானின் கிங் நிறுவனம் புளூ நோட் பதிவுகளை நாடா நகல்களிலிருந்து வெட்டி, அமைதியான வினைலில் அழுத்தி, பழைய உறையை அச்சுப் பிசகாமல் படியெடுத்து விற்றது. அமெரிக்காவில் கிடைத்த உள்ளூர் மறுவெளியீட்டைவிட இறக்குமதியான ஜப்பானியத் தட்டு மேல் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியதில் வியப்பில்லை.

அதே ஜப்பானிய வினைலைக் கொண்டு தொழிலின் போக்கையே மாற்றியது மொபைல் ஃபிடெலிட்டி. நாடாவையும் வெட்டு எந்திரத்தையும் பாதி வேகத்தில் ஓட்டினால் உயர்ந்த சுரங்களை வெட்டுவது வெட்டுமுனைக்கு எளிதாகும் என்ற அடிப்படையில், ஸ்டான் ரிக்கர் வெட்டிய லாக்கர்களை ஜப்பானின் ஜே.வி.சி. ஆலையில் அழுத்தி, 1977 முதல் 'ஒரிஜினல் மாஸ்டர் ரெக்கார்டிங்' என்ற பட்டையுடன், சாதாரணத் தட்டைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விலையில் அந்நிறுவனம் விற்றது. மூலநாடாவிலிருந்து எடுக்கப்பட்டது என்ற வாசகமே உறையின் உச்சியில் விற்பனைப் பொருளாக அமர்ந்தது இந்தக் கட்டத்தில்தான். வாங்கியவர் ஒலிக்கு மட்டும் பணம் தரவில்லை, ஒலி எங்கிருந்து வந்தது என்ற உறுதிமொழிக்கும் சேர்த்தே தந்தார்.

எனினும், முதற்பதிப்பே எப்போதும் சிறந்தது, மறுவெளியீடு எப்போதும் அதன் நிழல் என்று முடிவு கட்டுவது தவறு. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' 1959இல் வெளியானபோது, முதல் பக்கத்து மூன்று உருப்படிகளையும் பதிந்த நாடா எந்திரம் சற்று மெதுவாக ஓடியிருந்தது. ஆகவே தட்டில் அவை உள்ளபடியைவிடச் சிறிது கூடிய சுருதியில் ஒலித்தன. உடன் சேர்ந்து வாசித்துப் பழக முயன்ற இசைக்கலைஞர்களுக்கு அது இடறியது. சரியான வேகத்தில் ஓடிய காப்பு நாடாவிலிருந்து இப்பிழை திருத்தப்பட்டது 1992இல் வந்த மறுவெளியீட்டில்தான். அதற்கு முந்தைய 33 ஆண்டுகளில் விற்ற பிரதிகள், விலைமதிப்பற்ற முதற்பதிப்பு உட்பட, பிழையான சுருதியையே சுமந்திருந்தன. வான் கெல்டரும் அக்காலத்து மலிவான கருவிகளில் ஊசி துள்ளிவிடாதபடி தாழ்ந்த சுரங்களை அடக்கியே வெட்டினார். நாடாவில் இருந்த பாஸ் வாத்தியத்தின் முழு ஆழத்தையும் பிற்காலத்து மறுவெளியீடுகளில்தான் கேட்க முடிகிறது.

சி.டி. வந்தபின் எல்.பி. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின, புதிய அழுத்து எந்திரம் செய்வாரும் இல்லாமற்போயினர். 2008 ஏப்ரல் 19 அன்று முதன்முறையாகக் கொண்டாடப்பட்ட ரெக்கார்ட் ஸ்டோர் டே போன்ற முயற்சிகளால் தேவை மீண்டும் எழுந்தபோது, மிஞ்சியிருந்த ஆலைகள் 1960, 70களின் எந்திரங்களை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தன. 2022இல் அமெரிக்காவில் எல்.பி. விற்பனை 4.1 கோடி, சி.டி. 3.3 கோடி, 1987க்குப் பின் எண்ணிக்கையில் எல்.பி. முந்தியது அதுவே முதல் முறை. தேவை இப்படிப் பெருக, அழுத்தும் நேரத்தை ஆலைகள் குறைத்ததன் விளைவைப் புதுத் தட்டு வாங்கிய பலரும் அனுபவித்தார்கள். போதிய சூடும் நேரமும் கிடைக்காத வினைல் பள்ளத்தின் சுவரை முழுதாக நிரப்பாதபோது, துணி கிழிவது போன்ற ஓசை ஒரு காதில் மட்டும் கேட்கும். தொழிலில் இதற்கு நான்ஃபில் என்று பெயர். ஆறுமுன் உறையில் இட்ட தட்டு வளையும். நடுத்துளை ஒரு மயிரிழை விலகினாலும் பியானோவின் நீண்ட சுரம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கித் தள்ளாடும். 180 கிராம் என்று உறைமேல் ஒட்டப்படும் வில்லை இவற்றில் எதற்கும் காப்பாகாது, ஏனெனில் தட்டின் கனம் பள்ளத்தின் ஆழத்தையோ நாடாவின் தரத்தையோ மாற்றுவதில்லை. கனத்தைத் தரமென்று விற்றது இவ்வணிகத்தின் நேர்மையற்ற வழக்கங்களுள் ஒன்று. இதற்கிடையே 2020 பிப்ரவரி 6 அன்று கலிஃபோர்னியாவின் பேனிங் நகரிலிருந்த அப்பல்லோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை தீக்கிரையானதால், லாக்கர் தட்டுக்கு உலகமே ஜப்பானின் எம்.டி.சி. என்ற ஒரே நிறுவனத்தை நம்ப வேண்டியதாயிற்று.

விலை மலிந்த பக்கத்தின் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக்காலம் 2013 வரை 50 ஆண்டுகளாக இருந்தது. அதன்பின் 70ஆக நீட்டிக்கப்பட்டபோதும், 1963க்கு முன் வெளியானவை ஏற்கெனவே பொதுவுடைமையாகிவிட்டன. ஜாஸின் பொற்காலப் பதிவுகளில் பெரும்பகுதி அதற்குள் அடக்கம். எனவே மூலநாடாவைக் கண்ணால்கூடப் பார்த்திராத நிறுவனங்கள், சி.டி.யிலிருந்தோ பழைய தட்டிலிருந்தோ ஒலியை எடுத்து, அழகான உறையிட்டுப் பாதி விலையில் விற்பது சட்டப்படி குற்றமில்லை. மூலம் எது என்பதை உறையில் அச்சிடாமல் விடுவதும் குற்றமில்லை. குறை இருப்பது அந்த மௌனத்தில்தான், விலையில் அன்று.

உயர்ந்த விலையிலும் அதே மௌனம் இருந்தது 2022 ஜூலையில் வெளிப்பட்டது. அதற்குள் கைமாறிப் புத்துயிர் பெற்றிருந்த மொபைல் ஃபிடெலிட்டி, தந்தையையும் தாயையும் தவிர்த்து லாக்கரிலிருந்து நேரே எடுத்த தகட்டால் அழுத்தும் 'ஒன்ஸ்டெப்' தட்டுகளை 125 டாலருக்கு விற்றுவந்தது. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' தொகுப்பை இம்முறையில் 40,000 பிரதிகள் வெளியிடப்போவதாக அறிவித்தபோது கணக்கு உதைத்தது: லாக்கர் ஒன்றுக்கு ஆயிரம் தட்டுகள் என்றால், தேய்ந்துகொண்டே வரும் மூலநாடாவை அத்தனை தடவை ஓடவிட எந்த உரிமையாளர் இசைவார்? அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்து இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் இதைப் பகிரங்கமாகக் கேட்க, நிறுவனத்தின் பொறியாளர்களே விளக்கம் தந்தார்கள். மூலநாடாவை டி.எஸ்.டி. முறையில், அதாவது ஒலியை நொடிக்குப் பல பத்து லட்சம் முறை அளந்து பதியும் டிஜிட்டல் வடிவில் படியெடுத்து, அதிலிருந்தே பல ஆண்டுகளாகத் தட்டுகளை வெட்டிவந்ததாக அவர்கள் கூறினார்கள். முற்றிலும் அனலாக் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள், 2023இல் 2.5 கோடி டாலர் சமரசத்தில் அது முடிந்தது. அத்தட்டுகளின் ஒலியைப் புகழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அதுவரை டிஜிட்டல் படியைச் செவியால் கண்டுபிடிக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அது நிறுவனத்தின் பிழையைக் குறைத்துவிடாது, ஏனெனில் விற்கப்பட்டதில் ஒரு பங்கு மூலத்தைப் பற்றிய சொல்லாகவே இருந்தது.

இதற்கு நேர்மாறான வழியைப் புளூ நோட் சில ஆண்டுகள் முன்பே எடுத்திருந்தது. ஜோ ஹார்லியின் மேற்பார்வையில் 2019இல் தொடங்கிய 'டோன் போயட்' வரிசையில், கெவின் கிரே மூலநாடாவிலிருந்து நேரே வெட்டுகிறார், கலிஃபோர்னியாவின் ஆர்.டி.ஐ. ஆலை அழுத்துகிறது, தடித்த அட்டையில் தாள் ஒட்டிய மடிப்புறை தரப்படுகிறது. இவை அனைத்தும் பெயரோடு அறிவிக்கப்படுகின்றன. 2020 இறுதியில் தொடங்கிய 'கிளாசிக் வினைல்' வரிசையிலும் வெட்டுபவர் அதே கெவின் கிரேதான், கிடைக்கும் இடங்களிலெல்லாம் அதே மூலநாடாக்கள்தான். உறை எளியது, அழுத்துவது ஜெர்மனியின் ஆப்டிமல் ஆலை, விலை கணிசமாகக் குறைவு. இரண்டு விலைக்கும் இடையிலுள்ள வேறுபாடு அட்டையிலும் ஆலையிலும் இருக்கிறது, நாடாவில் இல்லை என்பதை வாங்குபவர் கடையில் நிற்கும்போதே அறிந்துகொள்ள முடிவது, 1948க்குப் பின் இவ்வணிகத்தில் அரிதாகவே வாய்த்திருக்கிறது.