தண்ணீருக்கு மனு, சாக்கடைக்குச் சட்டம்

போன ஆவணியில் எங்கள் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அதற்கு முன்னால் தண்ணீர் இணைப்பு வாங்கிவிட வேண்டும் என்று நகராட்சிக்கு ஓடின ஓட்டம் கொஞ்சநஞ்சமில்லை. மனு, வீட்டு வரி ரசீது, டெபாசிட், ரோடு வெட்டுவதற்குத் தனிப் பணம். ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் தெருவைத் தோண்டினார்கள். ப்ளம்பர் அண்ணன் மெயின் பைப்பில் துளை போட்டு, பித்தளையில் ஒரு சின்ன சாமானைத் திருகினார்.

"இதுக்குப் பேரு ஃபெரூல் சார். நீங்க வீட்டுக்குள்ள எவ்ளோ பெரிய பைப் வேணா போடுங்க. இந்த ஓட்டை எவ்ளோ விடுதோ அவ்ளோதான் தண்ணி."

இதை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. அன்று ராத்திரி புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், ஆமாம், ரோமாபுரி. இதே பித்தளைச் சமாச்சாரத்தை ஒருவர் 1,900 வருஷத்துக்கு முன்னால் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பெயர் ஃப்ரான்டினஸ். பிரிட்டனில் ரோமானிய ஆளுநராக இருந்தவர். கி.பி. 97-ல் நெர்வா பேரரசர் அவரை ரோம் நகரத்தின் தண்ணீர் அதிகாரியாக நியமித்தார். அப்போது நகரத்துக்கு ஒன்பது கால்வாய்கள் வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கீழே இருப்பவர்கள் சொல்வதை நம்பி உத்தியோகம் பார்ப்பது கேவலம் என்று நினைத்த மனுஷர், தானே எல்லாவற்றையும் படித்து, அளந்து, ஒரு புத்தகமாக எழுதிவிட்டார். அதன் பிரதி ஒன்றை 1429-ல் இத்தாலியில் மோன்டே கசினோ மடத்தில் போஜ்ஜோ என்ற அறிஞர் கண்டெடுத்தார். அதனால்தான் இன்றைக்கு நமக்குத் தெரிகிறது.

ரோமில் ஒரு தனி வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பேரரசரிடமே மனு போட வேண்டும். அவர் அனுமதித்தால் அந்தக் கடிதத்தைத் தண்ணீர் அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பிறகு, அனுமதித்த அளவுக்கு முத்திரை குத்திய ஒரு வெண்கலக் குழாய்த்துண்டைப் பொருத்துவார்கள். அதற்குப் பெயர் காலிக்ஸ். நம்ம ஃபெரூலுக்கு முப்பாட்டன். நீளம் குறைந்தது 12 விரற்கடை, சுமார் 22 சென்டிமீட்டர். ஏன் வெண்கலம்? ஈயக் குழாய் மெத்தென்று இருக்கும், தட்டி அகலமாக்கிவிடலாம். வெண்கலத்தில் அந்த வேலை நடக்காது.

அதோடு விடவில்லை. காலிக்ஸிலிருந்து 50 அடி தூரத்துக்கு அதே அளவுக் குழாய்தான் போட வேண்டும். தண்ணீரைத் தொட்டியிலிருந்துதான் எடுக்கணும், பொதுக் குழாயை நடுவில் துளைக்கக் கூடாது. எல்லோரும் துளைத்தால் குழாய் என்ன ஆகும்? இன்னொரு விஷயம்தான் எனக்கு ஆச்சரியம். இணைப்பு வீட்டுக்கு இல்லை, ஆளுக்கு. வீட்டை விற்றால் வாங்கினவருக்குத் தண்ணீர் உரிமை போகாது. அப்பா செத்தால் மகனுக்கும் போகாது. புதுசாக மனு போட வேண்டும். முன்பெல்லாம் உடனே நிறுத்திவிடுவார்களாம். ஃப்ரான்டினஸ் காலத்தில் 30 நாள் அவகாசம் கொடுத்தார்கள்.

விதி இத்தனை இருந்தால் தில்லுமுல்லும் இருக்கத்தானே செய்யும்? காலிக்ஸைக் கொஞ்சம் தாழ்வாகப் பொருத்தினால் தண்ணீர் கூடுதலாக வரும் என்று தண்ணீர் ஊழியர்களுக்குத் தெரிந்திருந்தது. உரிமை வேறு ஆளுக்கு மாறும்போது தொட்டியில் புதுத் துளை போட்டுவிட்டு, பழைய துளையை அடைக்காமல் வைத்து, அதில் வரும் தண்ணீரை விற்றார்கள். தெருக்கல்லுக்கு அடியில் நகரம் முழுக்கத் திருட்டு இணைப்பு. அதையெல்லாம் பிடுங்கியபோது கணிசமான ஈயம் கிடைத்ததாக ஃப்ரான்டினஸ் எழுதுகிறார். படிக்கும்போது சிரிப்பு வந்தது. இதுல எதுவுமே நமக்குப் புதுசு இல்லையே!

சரி, உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வேண்டாமா?

ஃப்ரான்டினஸ் புத்தகத்தில் சாக்கடை ஓரமாகத்தான் வருகிறது. தொட்டிகளில் வழியும் உபரி நீர் நகரச் சாக்கடைகளைக் கழுவ வேண்டும் என்கிறார். ரோமில் குளோக்கா மாக்ஸிமா என்ற பிரம்மாண்டமான சாக்கடை இருந்தது உண்மை. ஆனால் பெரும்பாலான வீட்டுக் கழிப்பறைகள் அதில் சேரவில்லை. வீட்டுக்குள்ளேயே, பல இடங்களில் அடுப்படிக்குப் பக்கத்திலேயே, ஒரு குழி. நிரம்பினால் அள்ளிக்கொண்டு போக ஆட்கள்.

ஏன் சேர்க்கவில்லை? நம் வாஷ்பேசினுக்கு அடியில் பைப் வளைந்து, அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், பார்த்திருப்பீர்கள். கீழே இருக்கிற நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் 1775-ல் கழிப்பறைக்கு அப்படி ஒரு வளைவு வைத்துக் காப்புரிமை வாங்கினார். ரோமானியர்களிடம் அது இல்லை. சாக்கடையோடு வீட்டைச் சேர்த்தால் நாற்றமும் எலியும் பூச்சியும் நேராக வீட்டுக்குள் வரும். டைபர் நதி பெருகினால் சாக்கடையே திரும்பி வரும். அதனால் தண்ணீருக்கு மனு போட்டு, கெஞ்சி, லஞ்சமும் கொடுத்தவர்கள், சாக்கடைக்கு அவசரப்படவில்லை.

வளைவு வந்த பிறகும் கதை உடனே மாறவில்லை. லண்டனில் 1815 வரை வீட்டுக் கழிவைப் பொதுச் சாக்கடையில் விடுவதே சட்டவிரோதம். அது மழைநீருக்கு மட்டும். வீட்டுக் கழிவுக்குக் குழி, குழியை அள்ள இரவில் வரும் ஆட்கள். 1815-க்குப் பிறகு, வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1848-ல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம்தான் இங்கிலாந்தின் ஊர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. சட்டம் அமலான ஊரில் கழிவுக் குழாய் இல்லாமல் புது வீடு கட்டக் கூடாது. 100 அடிக்குள் பொதுச் சாக்கடை இருந்தால் அதில் சேர்த்தே ஆக வேண்டும்.

லண்டனிலும் அதே காலத்தில் குழிகளை மூடினார்கள். ஆறே வருஷத்தில் சுமார் 30,000 குழிகள். வீடுகள் சுத்தமாயின. கழிவு எங்கே போனது? நேராகத் தேம்ஸ் நதிக்கு. குடிநீர் எடுத்ததும் அதே நதியில். 1858 கோடையில் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே திணறியது. அதன் பிறகுதான் பஸால்ஜெட் என்ற பொறியாளர், கழிவை நதியில் கலக்கவிடாமல் நடுவில் வாங்கி, நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோகும் பெரிய சாக்கடைகளைக் கட்டினார்.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. தண்ணீர் இணைப்பால் லாபம் எனக்கு. அதனால் நானே மனுவோடு வரிசையில் நிற்பேன். அதிகமாக எடுக்காமல் என்னைத் தடுக்கத்தான் சட்டம் வேண்டும். சாக்கடை இணைப்பால் லாபம் பெரும்பாலும் அடுத்தவருக்கு. என்னைப் பிடித்துத் தள்ளவே சட்டம் வேண்டும்.

இதை இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே, எங்கள் வீட்டுப் பாதாளச் சாக்கடை மனு அப்போது எங்கே இருந்தது தெரியுமா? மேஜை மேல். தெருவில் லைன் இருக்கிறது, மேன்ஹோல் வாசலுக்கு நேராக இருக்கிறது. "செப்டிக் டேங்க்தான் இருக்கே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்னது நான்தான்.

கிரகப்பிரவேசம் முடிந்து ரெண்டு மாசம் இருக்கும். எதிர்வீட்டு டேங்கைச் சுத்தம் செய்ய லாரி வந்தது. கீழே படிந்த கசடு ஹோஸில் ஏறவில்லை. கூட வந்த பையன், இருபது வயசு இருக்கும், மூடியை நகர்த்திவிட்டு ஒரு காலை உள்ளே வைக்கப் போனான். லாரி டிரைவர் சத்தம் போட்டு இழுத்துவிட்டார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை உள்ளே இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் இருக்கிறது. அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. இருந்தும் அந்தப் பையனின் கால் உள்ளே போகத்தான் பார்த்தது.

பாதாளச் சாக்கடைக்குள்ளும் ஆட்கள் இறங்கி இறந்திருக்கிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் என் வீட்டுக்குக் கீழே இன்னொரு குழி வேண்டாம், அதையாவது நான் செய்யலாம்.

மறுநாள் மனுவைக் கொடுத்தேன். சேம்பர் கட்டி மேன்ஹோலோடு சேர்த்தாயிற்று. பழைய டேங்கைக் காலி செய்ய இயந்திரத்தோடு வருகிறவர்களாகத் தேடினேன். தண்ணீரை விட்டுக் கசடைக் கரைத்து ஹோஸ்லயே உறிஞ்சி எடுத்தார்கள், யாரும் இறங்கவில்லை. பிறகு மணலைக் கொட்டி நிரப்பினோம். மூணு லோடு பிடித்தது.